அக்கா, அவை அடித்த தடங்கள் அல்ல

ஆறு வயது மூத்தவளாகப் பிறந்து, இப்போது என்னைவிடச் சின்னவளாகிவிட்ட என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. உனக்கு என்ன நடந்தது என்பதே எனக்குப் போன மாசம்தான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து உன்னிடம் எப்படிச் சொல்வது என்று திணறிக்கொண்டிருக்கிறேன்.

எழுபத்தெட்டில், செடிகளைக் கவ்வாத்து வெட்டியிருந்த மலையில் நீ புல் பிடுங்கிக்கொண்டிருந்தாய். சீவிவிட்ட தேயிலைக் கட்டை ஒன்று உன் பாதத்தில் ஏறிவிட்டது. மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாய். மூன்றாம் நாள் கால் வீங்கியது. நான்காம் நாள் உடம்பு உதறியது. மலைக்குளிர்தான் என்று அம்மா இரண்டு கம்பளிகளைப் போர்த்திவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஈறிலிருந்து இரத்தம் கசிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அத்தான் உன்னை எஸ்டேட் லோரியில் ஏற்றிக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உன் இரண்டு வயது மகள் தேவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் லைன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த வளைவுப் பாதையில் நீ அவரிடம் ஏதாவது பேசினாயா அக்கா?

மறுநாள் உன் உடலைத்தான் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டிய பெண்கள் அதிர்ந்துபோனார்கள். இரண்டு கைகளிலும் விரல் விரலாக நீலத் தடம். தொடையில் கருஞ்சிவப்புத் திட்டுகள். விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"ஐயோ, எம்புள்ளய அடிச்சே கொன்னுட்டானே!" என்று அம்மா அலறினாள்.

"இல்லத்தே. லோரி ஆட்டத்துல விழுந்துருவாளோன்னு கெட்டியா பிடிச்சுக்கிட்டேன், அவ்ளோதான். ரத்தத்துல விஷம்னு டாக்டர் சொன்னாரு," என்றார் அத்தான்.

விஷம் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் இன்னும் கொதித்தது. அத்தான் குடித்துவிட்டு உன்னிடம் சத்தம் போட்டது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"பொய் சொல்றாரு. போன வாரம் அக்காவ அடிச்சாரு. நான் பாத்தேன்."

நான் பார்க்கவில்லை அக்கா. அவர் உன்னை அடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உன்னை அப்படிக் கிடத்தியிருந்தபோது எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டும்போல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

உன் காரியத்தில் அவரைக் கிட்டே விடவில்லை. தேவியையும் தரவில்லை. அவர் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு தீபாவளிக்கு மகளுக்குப் பாவாடை கொண்டுவந்தார். இரண்டு முறையும் அம்மா கதவைச் சாத்தினாள். மூன்றாவது தீபாவளிக்கு அவர் வரவில்லை.

நான் இப்போது ஈப்போவில் நர்ஸாக இருக்கிறேன். போன மாசம், பிரசவப் புண் சீழ் வைத்து ஒரு பெண் வந்தாள். இரத்தம் எடுக்க அவள் கையை மெதுவாகத்தான் பிடித்தேன். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நான் பிடித்த இடத்தில் என் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன.

"செப்சிஸ், சாந்தி," என்றார் டாக்டர். "பிளேட்லெட்லாம் தீர்ந்துபோச்சு. தொட்டாலே கன்னிப்போகும்."

அன்றைக்கு அத்தான் சொன்ன 'ரத்தத்துல விஷம்' இதுதான்.

காயத்தில் நுழைந்த கிருமியை உடம்பால் அடக்க முடியாமல் போனால் இப்படியும் ஆகுமாம். வெட்டுப்பட்ட இடத்தை அடைக்க வேண்டிய பிளேட்லெட் தட்டணுக்கள், வெட்டே இல்லாத நுண்ணிய குழாய்களிலெல்லாம் போய் இரத்தத்தை உறையவைக்கும். இரத்தம் போகாத விரல் நுனிகள் கறுக்கும். தட்டணுக்கள் அங்கேயே செலவாகிவிடுவதால், கசிவை நிறுத்த வேறெங்கும் மிச்சம் இருக்காது. ஈறில் கசியும், தோலுக்கு அடியில் கசியும். விழுந்துவிடாமல் ஒருவர் பிடித்தால், பிடித்த கையும் பதியும்.

அந்தப் பெண்ணும் பிழைக்கவில்லை. அவள் கணவனை வெளியே நிறுத்திச் சொன்னேன்: "இது நோவுனால வந்த தடம். யாரும் அடிக்கல. வீட்ல யாராச்சும் கேட்டா எங்கிட்ட கூட்டிட்டு வாங்க."

பிறகு மலையேறி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "புள்ளய அவன்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள்.

தேவியோடு கோலா தெர்லாவுக்குப் போனபோது, அத்தான் கோஸ் மூட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. செப்சிஸைப் பற்றிச் சொன்னேன். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன் அத்தான்" என்றும் சொன்னேன்.

"தெரியும்லா," என்றார். மூட்டையை இறக்கி வைத்தார். "ஆனா எனக்கே சந்தேகம் வந்துருச்சு சாந்தி. எட்டு வருஷமா இதான் யோசன. நாந்தான் ரொம்ப அழுத்திப் பிடிச்சுட்டேனோ, அதுலதான் அவ போயிட்டாளோன்னு."

"இல்ல அத்தான். நீங்க பிடிச்சதுனால போகல."

அவர் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். தேவியிடம் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டார். "நாலாவது" என்றாள், என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி. தான் யார் என்று அவளிடம் அவர் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "இப்போ போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் அக்கா?

வருகிற உன் திதிக்கு, அவர் வந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்டிய பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிடுவேன். தேவியைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் அப்பா உன்னை அடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போனாலும் சரி, சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி