ஃபில்டரில் வடிந்த நீலம்

மச்சான்,

லாரி சாவி அரிசி டின் மேல் இருக்கிறது. நீங்கள் துறைமுகத்துக்குப் போனதும் மெக்கானிக் வீரமணி வீட்டுக்கே வந்து டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டார். டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணியும் பார்த்தாயிற்று. இனி பாலம் ஏறும்போது திணறாது என்றார்.

பழைய ஃபில்டரில் இருந்த டீசலைப் பிடிக்க ஒரு கிண்ணம் கேட்டார், கொடுத்தேன். வடிந்தது நீலமாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ரேஷன் மண்ணெண்ணெய் கலந்திருக்கு. அண்ணன் டேங்குல ஊத்துறதை நானே பார்த்திருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

நேற்று மண்ணெண்ணெய் கேன் காலியாக இருந்ததற்கு என்னை என்ன கேட்டீர்கள்? "உங்க உம்மா வீட்டுக்கு எவ்வளவு ஊத்திக் குடுத்தே?" பிள்ளைகள் முன்னால் கேட்டீர்கள். சவூதியில் இருந்த வருஷமெல்லாம் நீங்கள் போனில்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எடுத்து ஊற்றியதும் நீங்கள், என்னைத் திருடிபோலக் கேட்டதும் நீங்கள். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

மீன் ஆணத்துக்கு மசாலா அரைத்து வைத்திருக்கிறேன். ஸ்டவ் பற்றவைக்கத்தான் ஒன்றும் இல்லை.

சபிஹா

கிண்ணத்தைக் கொட்டவில்லை. உங்கள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன். திறந்து பாருங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வந்துவிடுவேன். உம்மா வீட்டுக்குத்தான் போகிறேன், ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கடன் கேட்க.