வெயிலுக்குச் சுவிட்ச் கிடையாது

இந்த ஆயுத பூஜைக்கும் உன் டெஸ்டரைத்தான் நடுவில் வைத்திருந்தார்கள். கடை மேசையில் வாழையிலை விரித்து, டிரில்லிங் மெஷின், கட்டிங் பிளேயர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு வைத்து, நடுநாயகமாக உன் சட்டைப் பையில் எப்போதும் கிடந்த, கரண்டு பட்டால் எரியும் அந்தச் சிவப்புக் கைப்பிடி டெஸ்டர். அதற்கு மட்டும் ஒரு முழம் பிச்சிப்பூ. உன் மனைவி வைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இலையோடு அள்ளித் தெருவில் எறிந்திருப்பேன். பக்கத்துக் கடைக்காரர்கள் பொரிகடலைக்கு வாசலில் நின்றார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

உன்னைக் கொன்றது அந்த டெஸ்டர்தான். அதை நம்பிய நீயும்தான். செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். இருக்கும்போது திட்டியதற்கு நீ காது கொடுத்ததில்லை. இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

நாம் சேர்ந்து தொழில் தொடங்கியபோது நீ வீட்டு வயரிங்கும் வெந்நீர் சோலாரும் பார்த்த ஆள். பாளையங்கோட்டை விடுதி மாடிகளில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாகச் சாய்த்து மாட்டி, அவற்றின் தலையில் தண்ணீர் உருளையை ஏற்றிவைப்பாய். மறுநாள் காலையில் வார்டன் வாளிக்குள் கையை விட்டு உதறும்போது அப்படி ஒரு சிரிப்பு உனக்கு. பிறகு ஒரு விடுதிச் சமையல்கூடத்துக்குக் மல்லாத்திய குடை மாதிரி, உட்புறம் கண்ணாடி பதித்த கிண்ணம் வைத்தோம். வெயில் முழுவதும் ஒரே புள்ளியில் குவியும். அங்கே பானை வைத்தால் சோறு பொங்கும். நீ அந்தப் புள்ளியில் ஒரு குச்சியை நீட்டிப் பீடி பற்றவைத்தாய். அதிலெல்லாம் நீ கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் திமிரோடுதான் வெயிலில் கரண்டு எடுக்கும் பேனல் வேலைக்கும் வந்தாய்.

"எல்லாம் ஒரே வெயிலுதாம்லே. நீ டிப்ளமோ படிச்சிட்டேன்னு பேரு பேராப் பிரிச்சிச் சொல்லுத" என்பாய்.

ஒரே வெயில்தான். ஆனால் வெந்நீர் தொட்டால் சுடும், கை தானாகப் பின்னால் வந்துவிடும். கிண்ணத்தை வேறு பக்கம் திருப்பினால் அதன் தீ அணைந்துவிடும். பேனல் அப்படி எதையும் காட்டாது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. கீழே இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் மெயினை இறக்கினாலும், மேலே வெளிச்சம் விழுகிறவரை அந்த இரண்டு வயர்களிலும் ஆளைக் கொல்லும் மின்சாரம் காத்துக்கொண்டே இருக்கும். "வெயிலுக்குச் சுவிட்ச் கெடையாதுலே. தார்ப்பாய் போட்டுப் பேனலை மூடு, மீட்டர் வச்சுப் பாரு, பொறவு தொடு" என்று வாய் வலிக்கச் சொன்னேன். நீ சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவாய்.

"இவன் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பொய் சொன்னதில்ல வே இன்ஜினியரே."

பத்தமடையில் மாடிமேல் இன்னொரு மாடி கட்டுகிறார்கள் என்று பேனல்களைக் கழற்றப் போனாய். நான் வண்ணார்பேட்டையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு போனில் கத்தினேன்: "வெயில் தாழட்டும். நான் வந்திருதேன்."

"நீ பைய வா. மெயினை எறக்கியாச்சு. டெஸ்டரும் எரியல. இங்கன ஒண்ணும் இல்ல."

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய் வண்டியில் மடித்தபடியே கிடந்தது. ஒரு கையில் ஒரு வயர், மறு கையில் மற்ற வயர் என்று வெறுங்கையால் பிடித்திருக்கிறாய். சாவு வீட்டில் உன் பெரியப்பா என் தோளில் கைபோட்டு, "நேரம் வந்துட்டு, யாரு தடுக்க முடியும்" என்றார். அந்தக் கையை எடுத்துவிட்டேன். ஒரு தார்ப்பாய் தடுத்திருக்கும்.

பூஜைக்கு மறுநாள் காலையில் இலையை எடுத்தோம். உன் மச்சினன், மதினியின் தம்பி, இப்போது என்னோடுதான் வேலை செய்கிறான். அவன் உன் டெஸ்டரைப் பூவோடு கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் செருகினான். "மச்சான் கையில இருந்தது. இனிமே வேலைக்கு இதோடதாம் போவேன்." மதினிக்கு முகமெல்லாம் நிறைவு. உன் திமிரும் அந்தப் பையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டதை நான் பார்த்தேன்.

இரண்டு பேரையும் கடை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏறும் முன் சுவர் பிளக்கில் டெஸ்டரை வைத்துக் காட்டினேன், எரிந்தது. மேலே இன்வெர்ட்டரை நிறுத்தி, ரப்பர் கையுறை மாட்டி, பேனல் வயர்களைப் பிரித்தேன். கையுறையை உருவிவிட்டு, டெஸ்டரின் தலையில் விரலை வைத்து ஒரு முனையைத் தொட்டேன். எரியவில்லை. மறுமுனையிலும் எரியவில்லை.

"வெயில்ல தெரியாதுல்லாண்ணே" என்றான்.

"கையால மறைச்சுப் பாரு."

குனிந்து பார்த்தான். "இல்ல. கரண்டு இல்ல."

அந்த இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். முந்நூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது. வீட்டு மின்சாரம் நம் உடம்பு வழியாகத் தரையைத் தேடும், டெஸ்டர் எரிவது அதனால்தான். இந்த வயர்களுக்குத் தரையோடு உறவே இல்லை, இவை ஒன்றையொன்றுதான் தேடும் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். மதினி மீட்டரைப் பார்க்கவில்லை, டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்கும் இப்படித்தான் எரியாம இருந்துச்சா தம்பி?"

"ஆமா மதினி."

அதில் சுற்றிக் கிடந்த பிச்சிப்பூவைப் பிய்த்தெடுத்தாள். "நீங்களே கொண்டு போயிருங்க. கடையிலயும் வேண்டாம், வீட்லயும் வேண்டாம்."

ஆகவே அது இப்போது என் பையில் இருக்கிறது. உன் நினைவாக இல்லை. அப்படி ஒரு மரியாதை உன்மேல் எனக்கு இன்னும் வரவில்லை. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதலில் மாடிக்குக் கூட்டிப்போய், அதைப் பேனல் வயரில் வைத்துக் கேட்கிறேன், கரண்டு இருக்கா என்று. இல்லை என்கிறார்கள். "அப்போ தொடுலே" என்கிறேன். கை நீளும். பாதியில் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறேன்.

"வலிக்குண்ணே" என்கிறார்கள். வலிக்கட்டும். அது உன்னைப் பிடித்திருக்க வேண்டிய பிடி.