ஈர மூடி

மார்ச் 4

இவருடைய ரெகுலேட்டரில், அதான் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியில், மூச்சு இழுக்கச் சிரமமாக இருக்கிறதாம். தினமும் கடலுக்கடியில் போகிற மனுஷன், சாப்பிட்டுக் கை கழுவும்போது அதைச் சாவகாசமாகச் சொல்கிறார்! எங்கள் டைவிங் கடையில் பழுது பார்ப்பவள் நான்தானே, பிரித்துப் பார்த்தேன். சிலிண்டரில் மாட்டுகிற வாய்க்குள் இருக்கும் வடிகட்டி களிம்பேறிப் பச்சைப் பசேலென்று இருந்தது. தண்ணீர் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, ஆழத்தில் காற்று வராமல் — வேண்டாம், எழுத மாட்டேன்.

மார்ச் 5

கடையில் எல்லாவற்றையும் தொட்டியில் அலசுவது நாத்தனார்தான். அந்த வாயின் மூடியை இறுக்காமல் முக்கியிருக்கிறாள், வேறென்ன? கேட்டேன்.

"எல்லாத்தையும் நான்தானே கழுவுறேன் அண்ணி. இது மட்டும் எப்படிப் பச்சையாச்சு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் அண்ணன் உயிர்டி அது!" என்று கத்திவிட்டேன். தொட்டியருகே நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 6

அடுத்த வாரம் முதல் அவளும் வழிகாட்டியாகப் படகில் போவதாக இருந்தது. பரீட்சையெல்லாம் தேறிவிட்டாள். இவர் நிறுத்திவிட்டார். "மூடி போடவே தெரியல, நாலு பேர கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவாளா?"



மார்ச் 8

"உப்பு வேணுமா, டெக்னீஷியன் மேடம்?" நாத்தனார் இப்போது வீட்டிலும் என்னை இப்படித்தான் கூப்பிடுகிறாள்; 'அண்ணி' போயே போச்சு.

மார்ச் 11

மற்ற ரெகுலேட்டர்களையும் பிரித்தேன். எல்லா வடிகட்டியும் பளபள. தொட்டி ஒன்று, கழுவுகிற கை ஒன்று. அப்புறம் இவருடையது மட்டும் ஏன்? அவள் அன்றைக்குக் கேட்டதும் இதைத்தானே?

மார்ச் 12

நானும் படகில் போனேன். இவர் கடலிலிருந்து மேலே ஏறி ரெகுலேட்டரைக் கழற்றினார். மூடியில் தண்ணீர் நின்றது. சிலிண்டர் காற்றை அதன்மேல் அடித்து, துணியால் துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். அதை எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பவரே இவர்தான். இவரோ பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல வாயால் ஒரு ஊது ஊதி, டக்கென்று மூடிவிட்டார்.

"என்னங்க இது?"

"சிலிண்டரத் திறந்தா கிரீச்சுன்னு கத்துது. வந்தவங்க காதப் பொத்திக்கிறாங்க. அதான்."

ஊருக்குத்தான் உபதேசம்! மூடியைத் திறந்து அவர் விரலைப் பிடித்து உள்ளே வைத்தேன். ஈரம். தொட்டிக்கு வரும் முன்பே தண்ணீர் உள்ளே. 

மார்ச் 13

தொட்டியருகே கத்தியதைத் தொட்டியருகேதான் திரும்பப் பெற வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "தண்ணி போனது உன் அண்ணனால. விசாரிக்காம உன்னைத் திட்டினது என் தப்பு."

"சரிங்க மேடம்," என்று அடுத்ததை முக்கினாள். இவரை முறைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்குப் படகுல நீ போம்மா, கழுவுறத நான் பாத்துக்கறேன்," என்றார்.

மார்ச் 14

படகில் அவள். தொட்டியருகே இவர். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மூடியை இரண்டாம் முறை துடைக்கிறார்.

படகு கரைக்கு வருவதற்குள்ளேயே கிரீச் சத்தம் கேட்டது. மூடியை உலர்த்துகிறாள். நேராக வந்து ரெகுலேட்டரை என் மேஜையில் வைத்தாள்.

"திறந்து பாத்துக்குங்க."

"வேண்டாம்."

ரெகுலேட்டரை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"அப்ப சாப்பாடு போடுங்க அண்ணி. பசி உயிர் போகுது."