உயிரோடு இருப்பவரின் பாய்

நான்கு மானிக் நாள்

மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. ஊர்த் தலைவர் அமரும் பாய் இருக்கிற வீட்டில் அவையோர் கூடி இன்றும் என்னைத்தான் வறுத்தெடுத்தார்கள். போரில் பிடிபட்ட என் கணவர் யொப்பாத், கிழக்கு நகரத்தாரிடம் உயிரோடு இருக்கும்வரை அவருடைய பாயில் வேறு தலைவர் அமரக் கூடாது. தலைவர் இல்லாமல் விதைப்புக்கு நாள் குறிக்க முடியாது. தலைமைக்கு அடையாளமாக அவர் கட்டிய தலைப்பட்டையை வெறுங்குழியில் புதைத்து, செத்தார் என்று சொல்ல மனைவியின் கைதான் வேண்டுமாம்.

"ஊரே பட்டினி கெடக்கட்டும்னு நெனக்கிறீங்களாம்மா?" என்றார் அவையில் மூத்தவர் எக் மோ.

"அவர் செத்தத நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

ஐந்து லமாத்

அவருடைய குறட்டைகூட வேண்டியிருக்கிறது எனக்கு.

நான்கு அஹாவ்

புதைத்துவிட்டேன்.

இரண்டு சிற்றூர்கள் இனி கிழக்கு நகரத்துக்கே திறை கட்டுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டன. அதற்கு மேலும் எப்படி மறுப்பது? அவர் தம்பி இட்சாம் பாயில் அமர்ந்தான். "மன்னிச்சிருங்க அண்ணி" என்று அழுதான். நான் அழவில்லை. பட்டையில் அவர் தலைமுடி ஒன்று ஒட்டியிருந்தது — யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். தப்பா?

பத்து கவாக்

வந்துவிட்டார்! உப்பு வியாபாரிகளின் கூட்டத்தோடு, எலும்பும் தோலுமாக, பின்வாசல் வழியாக.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்? உசுரோட இருக்கிற மனுஷனப் பொதச்சிட்டேனே! அவரோ சிரிக்கிறார். "குழியாவது ஆழமா வெட்டுனியா?"

பாவி மனுஷன்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என்னைய அவங்க சும்மாவா விட்டாங்க? ரெண்டு தலைவரா நின்னு நாம அடிச்சுக்கிட்டா உள்ள புகுந்துரலாம்னுதான். நான் வந்த சேதி அவைக்குப் போயிருச்சு. நாளைக்கு நான் யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரு."

மாட்டேன் என்றேன். இவ்வளவு நாள் ஏங்கியது இதற்கா?

பதினொன்று அஹாவ்

"நான் உப்பு விக்கிறவன். ஒங்க பழைய தலைவர் மாதிரி இருக்கேன்னா அது எங்கப்பா குத்தம்" என்றார் அவையில். சிலர் சிரித்தார்கள். இட்சாம் தலையைக் குனிந்துகொண்டான்.

எக் மோ என் பக்கம் திரும்பினார். "இவர் யாரும்மா?"

அங்கிருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். என் கணவர் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் இரண்டாகும். தம்பியோ அண்ணனோ, ஒருவர் சாக வேண்டியிருக்கும்.

"தெரியாது" என்றேன்.

இட்சாம் எழுந்தான். "உப்புக்காரர் நம்ம சந்தையிலயே கடை போட்டுக்கலாம்" என்றான்.

ஒன்பது கான்

சந்தை நாள். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.

"நல்ல கடல் உப்பும்மா. எவ்வளவு வேணும்?" என்றார், எல்லோரிடமும் கேட்பதுபோலவே. அளந்து போடும்போது விரல் பட்டது. எடுக்க இருவருக்கும் மனமில்லை.

வீட்டுக்கு வந்தால் வேலைக்காரி சாசில் புலம்புகிறாள். "மூணு பானை ரொம்பி வழியுது தாயி. இன்னும் எதுக்கு உப்பு?"

இன்னொரு பானையைக் கழுவி வை என்றேன்.