வெள்ளிக்கிழமைப் பட்டியல்

ஜனவரி 14, வியாழன்

மைதானம் உறைந்து கல்லாகக் கிடக்கிறது. மேனேஜர் ஃபிராங்க் இன்று பயிற்சியை கார் நிறுத்துமிடத்தில் வைத்துவிட்டார். மாடிப்படி இறங்கும்போது மட்டும்தான் முழங்கால் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். பொய். ஏறும்போதும் வலிக்கிறது.

வயது முப்பத்தைந்து. பதினேழு வருடமாகக் கால்பந்து ஆடுகிறேன், நாலு கிளப். மூன்றாவது டிவிஷனுக்கு மேலே ஒரு நாள்கூட ஆடியதில்லை. இப்போது நான்காவதில், ஸ்கெல்பரோ டவுனில், பதினொரு வருடம். இந்தப் பதினொரு வருடமும் காலை ஒன்பதுக்கு வாசலில் ஹார்ன் அடிப்பவன் நோயல் புராக்டர். எங்கள் காரை என் மனைவி மோரீன் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துப் போய்விடுவாள், அதனால் எனக்கு அவன் கார்தான். மைதானத்தில் அவன் லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காப்பவன்; நான் கேப்டன், நடுவில் ஸ்டாப்பர். அங்கே அவன் எனக்கு இடப்பக்கம், காரில் நான் அவனுக்கு இடப்பக்கம். வீட்டிலிருந்து கிளப்புக்கு பதினாலு மைல்.

கூரையில் மழைநீர் போகும் குழாய் ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏணி வாங்கிவர வேண்டும்.

ஜனவரி 18, திங்கள்

ஃபிராங்கை அனுப்பிவிட்டார்கள். சேர்மன் வின்ஸ்டான்லி என்னைத் தன் கம்பளக் கடைக்கு வரச் சொன்னார். சுருட்டி நிறுத்திய கம்பளங்களுக்கு நடுவில் நின்றபடியே பேசினார்.

"சீசன் முடியிற வரைக்கும் நீயே பாத்துக்க கிளைவ். ஆடிக்கிட்டே மேனேஜரா இரு. நிறைய கிளப்ல அப்படித்தான் பண்றாங்க."

"வேற யாரையும் கேக்கலையா சார்?"

"மூணு பேரக் கேட்டேன். ஒருத்தனும் வரமாட்டேங்கிறான்."

ஒளிவுமறைவில்லாத மனிதர். நாங்கள் இப்போது கடைசிக்கு ஒரு படி மேலே. கடைசி இடத்தில் முடிக்கும் கிளப் லீக்கை விட்டே போய்விடும். அறுபத்தாறு வருடம் லீக்கில் இருந்த கிளப், என் கையில் போகப்போகிறதா?

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மோரீன் கேட்டாள், "சந்தோஷமா இருக்கியா, பயமா இருக்கா?" இரண்டும்தான்.

ஜனவரி 23, சனி

வெளியூர் ஆட்டம். பஸ்ஸில் ஏறியதும் பழக்கத்தில் கால் நேராகக் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அங்கேதான் சீட்டாட்டம். பதினொரு வருடமாக ஜன்னலோரம் என் இடம். உட்கார்ந்து கையை நீட்டினேன், சீட்டு வரவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வெளியே மாடு மேய்வதைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நோயல்தான் சொன்னான், "முன்னாடி போங்க பாஸ்."

பாஸ்! அதுவும் 'போங்க'! அவன் வாயில் அந்த மரியாதையைக் கேட்டதும் காது சூடாகிவிட்டது. எழுந்து முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால், சேர்மனின் ஓவர்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

0-2. இரண்டு கோலும் எங்கள் இடப்பக்கத்திலிருந்து.

பிப்ரவரி 5, வெள்ளி

நோயலைத் தூக்கிவிட்டேன். கடைசி மூன்று ஆட்டத்தில் எங்களுக்கு விழுந்த ஆறு கோலில் ஐந்து அவன் பக்கமாக வந்தது. ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே உள்ளே வருகிறான், அவன் விட்ட இடத்தில் எதிராளி ஓடுகிறான். முப்பத்து நாலு வயது, கவனம் போய்விட்டது. நாளைக்கு அவன் இடத்தில் கெவின் ஆல்டர்.

முடிவு நேற்றே எடுத்தது. காலையில் அவன் காரில்தான் போனேன். என்ன பேசினேன்? கூரைக் குழாயைப் பற்றிப் பேசினேன்.

வெள்ளி மதியம் அணிப் பட்டியலைப் பலகையில் குத்திவிட்டு, பையன்கள் குளித்து வருவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார் ஃபிராங்க். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். இந்த கிளப்பில் அதுதான் வழக்கம். எனக்குக் கார் இல்லை. குத்திவிட்டு மேனேஜர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். நடையில் செருப்புச் சத்தம். பலகைக்கு முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. போய்விட்டது.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தேன்.

பிப்ரவரி 6, சனி

1-3. இடப்பக்கம் மறுபடி ஓட்டை. கெவினும் உள்ளே உள்ளே வருகிறானே, என்ன வியாதி இது?

பிப்ரவரி 8, திங்கள்

வரமாட்டான் என்று நினைத்தேன். ஒன்பதுக்கு ஹார்ன். ஏறினேன். பாதி தூரம் ரேடியோ மட்டும் பேசியது. கால்வாய்ப் பாலம் தாண்டியதும் அணைத்தான்.

"டீம்ல இருந்து எடுத்ததுக்கு ஒண்ணும் சொல்லல. அது உன் வேலை. பதினாலு மைல் என் பக்கத்துல உக்காந்து குழாய் ஒழுகுறதப் பத்திப் பேசின பாரு, அதான்டா."

"சொல்ல வாய் வரல."

"பலகைக்கு வாய் வந்துச்சா?"

அவன் மறுபடி ரேடியோவைப் போட்டான்.

பிப்ரவரி 20, சனி

0-1.

மார்ச் 1, செவ்வாய்

1-1. மழை. கடைசி இடத்தில் இப்போது நாங்கள்தான்.

மார்ச் 12, சனி

0-0. காலை முன்னால் விட்டு ஒருவனைச் சாய்த்ததற்கு மஞ்சள் அட்டை. இந்த சீசனில் எத்தனையாவதோ. இரண்டு ஆட்டத் தடை வரும் என்று செயலாளர் மிஸஸ் பிளெங்கின் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அந்தப் பையன் என்னைத் தாண்டிப் போய்விட்டான், வேறு என்ன செய்வது? முன்பெல்லாம் இவனைப் போன்றவர்களை ஓடிப் பிடித்திருக்கிறேன்.

மார்ச் 26, சனி

தடையில் முதல் ஆட்டம், சொந்த மைதானம். என் இடத்தில் டேரன் கிட்சன், இருபத்தொரு வயது, வேகமான பையன். கீழே இருந்தால் கத்திக்கொண்டே இருப்பேன் என்று மேலே, ரசிகர்கள் உட்காரும் வரிசையில், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பதினேழு வருடத்தில் எங்கள் ஆட்டத்தை மேலேயிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கெவின் உள்ளே வரவில்லை. ஓரத்திலேயே நிற்கிறான். இடப்பக்கம் அடைபட்டுவிட்டது. நான் ஒன்றும் சொல்லித்தரவில்லையே! ஏன் இன்றைக்கு மட்டும் வரவில்லை? பந்து டேரனைத் தாண்டி விழும்போதெல்லாம் பார்த்தேன். டேரன் திரும்பி ஓடி எடுத்துவிடுகிறான். கெவின் உதவிக்கு வரவேண்டிய அவசியமே இல்லை.

பின்வரிசையில் ஒரு அம்மா, மடியில் மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட 'பை', பக்கத்தில் புருஷன்.

"மூணு மாசமா அந்தப் பக்கம் தொறந்து கெடந்துச்சு. இன்னிக்கு எப்படி அடைஞ்சது?"

"தெரியலடி."

"யாரு வரல இன்னிக்கு?"

"கிளைவ் ஹெப்டன் வரல."

"அதான பாத்தேன்."

அந்த அம்மா பையைக் கடித்துக்கொண்டே சொன்னாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டை நான்தான். ஓட்டையை அடைக்க வந்தவனைத்தான் தூக்கி வெளியே போட்டிருக்கிறேன்.

2-0. ஜெயித்துவிட்டோம். உடைமாற்றும் அறையில் எல்லாருக்கும் கை கொடுத்தேன். நோயலுக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 28, திங்கள்

காரில் ஏறிய உடனே கேட்டுவிட்டேன்.

"எவ்வளவு நாளா எனக்காக உள்ள வந்து நின்ன?"

"போன வருஷம் கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன் கால் செத்துப்போச்சுடான்னா? நீ கேப்டன், எங்க கேட்டிருப்ப? அப்புறம் பாஸ் ஆயிட்ட. பாஸ்கிட்ட எவன் போய்ச் சொல்லுவான்?"

"உன்னத் தூக்கினப்பவாவது..."

"அப்ப சொன்னா எடத்துக்காகச் சொல்றேன்னு நெனப்ப."

நினைத்திருப்பேன். நிச்சயம் நினைத்திருப்பேன்.

ஏப்ரல் 2, சனி

1-1. மறுபடி மேலேயிருந்து பார்த்தேன். டேரன் நன்றாக ஆடினான். நன்றாக ஆடியது எனக்குப் பிடிக்கவில்லை, இதை எழுதாமல் விடக்கூடாது.

ஏப்ரல் 8, வெள்ளி

தடை முடிந்தது. பட்டியலில் டேரன் பெயரை எழுதினேன். அடித்தேன். என் பெயரை எழுதினேன். நெருக்கடியில் அனுபவம் வேண்டாமா? இன்னும் கொஞ்சம் பின்னால் நின்று ஆடினால் சமாளிக்கலாம். நோயலையும் திரும்ப எடுத்திருக்கிறேன். அவனுக்குச் செய்ததற்கு ஈடாக இருக்கும்.

நோயல் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

ஏப்ரல் 9, சனி

0-1. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எழுபதாவது நிமிடம். பந்து என் தலைக்கு மேலே போனது, திரும்பினேன், கால் வரவில்லை. நோயல் ஓரத்தை விட்டுவிட்டு எனக்காக உள்ளே ஓடிவந்தான். தெரிந்தே வந்தான். அவன் விட்ட இடத்தில் இன்னொருத்தன் வந்து அடித்துவிட்டான். மொத்த மைதானமும் நோயலைத் திட்டியது. "புராக்டர், வீட்டுக்குப் போ!" என்று பாட்டாகவே பாடினார்கள். அவன் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிற்கிறான். நான் பக்கத்தில் நிற்கிறேன். என்னை ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. ஏன்டா என்னைச் சொல்லல? நான்தான்டா அது, நான்தான்!

முடிந்து போகும்போது தோளில் கை வைத்தேன். "விடு" என்றான்.

ஏப்ரல் 15, வெள்ளி

காலையில் காரில், கிளம்பிய கையோடு சொன்னேன்.

"நாளைக்கு நீ ஆடுற. நான் ஆடல. இனிமேலும் ஆடல."

கால்வாய்ப் பாலம் தாண்டியதும், "குழாய் இன்னும் ஒழுகுதா?" என்றான்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பட்டியலில் 'ஹெப்டன்' இல்லாமல் பதினொரு பெயர் எழுதுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. மாற்று ஆட்டக்காரர் இடத்திலும் போட்டுக்கொள்ளவில்லை. போட்டால் இறங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 16, சனி

2-1.

ஏப்ரல் 30, சனி

1-0. நோயலுக்கு இப்போது ஓரத்தில் நிற்க நேரம் இருக்கிறது. அடுத்த வாரம் கடைசி ஆட்டம், ஒரு புள்ளி எடுத்தால் தப்பித்தோம்.

மே 7, சனி

0-0. இதைவிட மோசமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஓவர்கோட் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றேன். பந்து உயரே வரும்போதெல்லாம் என் கழுத்து தானாக முட்டப் போனது. கடைசிப் பத்து நிமிடம் பார்க்க முடியாமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விசில். லீக்கில் இருக்கிறோம். ஜனங்கள் வேலியைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார்கள். போன மாதம் வீட்டுக்குப் போகச் சொன்ன அதே ஆட்கள் நோயலைத் தோளில் தூக்கிவைத்துச் சுற்றினார்கள். சேர்மன் அழுதார். மேனேஜராக இன்னும் இரண்டு வருடம் என்று அங்கேயே, மூக்கைச் சிந்திக்கொண்டே, சொல்லிவிட்டார்.

மே 10, செவ்வாய்

அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்ற பட்டியல் நாளை மிஸஸ் பிளெங்கினுக்குப் போக வேண்டும். பையன்கள் இன்று கணக்குவழக்கு முடித்து பூட்ஸ் எடுத்துப்போக வருகிற நாள். காரில் ஏறினேன். கதவைச் சாத்தினேன்.

"நோயல், வண்டிய எடுக்காத. ஒண்ணு சொல்லணும்."

அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"உன்ன வச்சுக்கல. வர்ற ஆகஸ்ட்ல உனக்கு முப்பத்தஞ்சு. கெவினுக்கு அந்த எடத்தக் குடுக்கணும். நீ நல்லா ஆடின. அதனால முடிவு மாறல."

அவன் எங்கள் வேலியைப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரி பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வயித்தெரிச்சலாத்தான் இருக்கு," என்றான். "பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்."

"உன் பேரு?"

"அதுவும் விடுற பக்கந்தான். ஆட்டக்காரன் பதிவுல நானும் இருக்கேன்ல."

"நீ போகணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"பைக்காரி ஒரு அம்மா."

அந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்புக்குத்தானா என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்தான். பதினாலு மைலும் பேசிக்கொண்டே போனோம்.

மே 14, சனி

பதிவுத் தபால். மோரீன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். 'அன்புள்ள திரு. ஹெப்டன், வரும் சீசனுக்கு ஆட்டக்காரராகத் தங்களைத் தொடர கிளப் விரும்பவில்லை. இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி. இப்படிக்கு, கிளைவ் ஹெப்டன், மேனேஜர்.' பதிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் கடிதம் போயாக வேண்டும், விதி அப்படி என்று மிஸஸ் பிளெங்கின் விட்டுக்கொடுக்கவில்லை.

மோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் முதலில் சிரிப்புதான். பிறகு இன்னொரு தடவை படித்தேன். பதினேழு வருடம், மூன்று வரி. புதன்கிழமை இதையும் சேர்த்து எட்டு கடிதத்தில், மேலே பெயரைக்கூடப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டேன். நோயலுக்கு மட்டும்தான் நேரில் சொன்னேன். மற்ற ஆறு பேரும் இந்நேரம் கதவருகே நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

நாளை சீசன் தொடக்கம். கிளப்புக்கு இப்போது காலை எட்டு பத்து பஸ்ஸில்தான். நோயலுக்கு மர அறுவை ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை லீவு. நாளைக்கு டிக்கெட் வேண்டுமாம். "பைக்காரி அம்மாவுக்குப் பக்கத்துல போடு, உன்னத் திட்டுறதுக்கு ஆள் துணை வேணும்" என்கிறான். போட்டிருக்கிறேன்.

நாளைய பட்டியலில் இல்லாத ஆறு பேரையும் பயிற்சிக்கு முன்பே ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆனது. ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான், ஒருத்தன் அழுதான், டேரன் ஏன் என்று கேட்டான். கணுக்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று காரணத்தைச் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை.

மதியம் பட்டியலைக் குத்தினேன். நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. கெவின் துண்டோடு முதலில் வந்தான்.

"என்ன பாஸ், இங்கயே நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ படி."