வாசலில் இரண்டு நாற்காலி

ஜனவரி 9

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான். போனில் சொன்னால், "அப்பா, ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்பாய். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் என் கோபம் ஆறிப்போய்விடுகிறது. காகிதம் நடுவில் பேச்சை வெட்டாது. அதனால் இனி எழுதப் போகிறேன். நீயும் எழுது. கையால் எழுது.

கிளை அலுவலகத்தில் ஒரு வருஷ வேலை என்று இந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது என்ன சொன்னாய்? "வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம்பா, நீங்க வந்து இருங்க. பெரிய ஊரு, நல்லாப் பொழுது போகும்" என்றாய். வந்தேன். பொழுது போகிறது, வாஸ்தவம். எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

ஓய்வு பெறும் வரைக்கும் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். என்னைத் திட்டினவன் உண்டு, சட்டையைப் பிடித்தவன் உண்டு, தோளில் சாய்ந்து தூங்கினவனும் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லாதவன் ஒருத்தன் கிடையாது. இங்கே லிஃப்டில் ஒரு மனிதரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். காதில் எதையோ செருகிக்கொண்டார். மறுநாள் என்னைப் பார்த்ததும் திரும்பிப் படியில் ஏறிப் போனார். ஒன்பதாவது மாடிக்கு! முட்டி தேயத் தேய ஏறியாவது ஒரு மனுஷனைத் தவிர்க்க வேண்டுமா?

இந்தக் கட்டடத்தில் என்னோடு பேசுவது லிஃப்ட் மட்டும்தான். "கதவு மூடுகிறது" என்கிறது. நேற்று நான் அதற்கு "சரிம்மா" என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

கட்டடச் சங்கச் செயலாளர் நம் பாஷைக்காரர், ஏதாவது வேண்டுமென்றால் அவரிடம் போங்கள் என்றாயே, போனேன். கதவைச் சங்கிலி மாட்டியபடியே திறந்து, "என்ன கம்ப்ளைன்ட்?" என்றார். "கம்ப்ளைன்ட் எல்லாம் இல்ல சார், சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ"வோடு கதவு சாத்தப்பட்டது. லிஃப்டாவது சொல்லிவிட்டு மூடுகிறது.

இத்தனை வருஷம் இதே வீட்டில் இருந்தாயே, எதிர்வீட்டில் இருப்பது யார் என்றாவது உனக்குத் தெரியுமா?

கோபமும் பிரியமுமாக,
அப்பா


ஜனவரி 17

என் கோபக்கார அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாருங்கள், உங்களால் எனக்கும் கெட்ட பெயர்.

எதிர்வீட்டில் யார் என்று தெரியாது. வாசலில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்பா, அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. பத்துப் பாஷை பேசுகிறவர்கள் ஒரே சுவருக்குள் இருக்கிறோம். ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கே வராமல் இருப்பதுதான் அந்த ஊரில் மரியாதை. முன்பின் தெரியாதவரிடம் போய்ச் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், என்னவோ விற்க வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

பூங்காவில் நடங்கள். டிவி பாருங்கள். அறிமுகம் இல்லாதவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 11

என் செல்ல மகளுக்கு,

அறிமுகம் இல்லாதவருக்குக் கதவைத் திறக்காதே என்றால் அறிமுகம் எப்படியம்மா ஆகும்? ஜன்னல் வழியாகவா? இந்தக் கேள்விக்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும்.

போகட்டும். உன் வெள்ளை ஷூவை நான் கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் லிஃப்ட் மக்கர் பண்ணிவிட்டது. காய்கறிப் பையோடு படியேறி, நடுவில் மூச்சு வாங்க நின்றேன். கீழேயிருந்து அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். உன் வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்த உடனே கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்து, "மூச்ச நல்லா இழுங்க. விடுங்க. எங்க வலிக்குது?" என்றாள். அச்சு அசல் தமிழ்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மாடி, நீ நம்ம ஊரா?" என்றேன். திருதிருவென்று விழித்துவிட்டு, "வாயத் தொறங்க, நாக்க நீட்டுங்க" என்றாள்.

விஷயம் என்னவென்றால் அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் பாஷையே வேறு. வார்டில் நோயாளிகளிடம் பொறுக்கிய தமிழ் அவ்வளவுதான் அவளிடம் இருக்கிறது. பெரும்பாலும் ராத்திரி வேலை. காலையில் திரும்பும்போது என்னைப் பார்த்தால், கீழே நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், "வயிறு நல்லாப் போச்சா?" என்று சத்தமாகக் கேட்கிறாள். குட் மார்னிங்குக்குப் பதிலாம்! மானம் போகிறது என்று "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தேன். இப்போது இரண்டையும் சேர்த்துக் கேட்கிறாள்.

இன்னொருவர் ஹெல்மெட்காரர். வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. நரைத்த மீசை, நாற்பதைத் தாண்டிய ஆள். அடுத்த ஆர்டர் வரும் வரை நம் கட்டடத்துப் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். கணுக்கால் வீங்கியிருந்தது. உன் பால்கனியில் மழையில் நனைந்து கிடந்த இரண்டு நாற்காலியையும் கீழே தூக்கிப் போய் முன்வாசல் ஓரமாகப் போட்டேன். ஒன்றில் அவர், ஒன்றில் நான். அவர் பாஷையில் அவர் பேசுகிறார், என் பாஷையில் நான் பேசுகிறேன். சண்டை வராத அளவுக்குப் புரிகிறது.

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் நர்ஸும் கொஞ்ச நேரம் வந்து உட்காருகிறாள். அவர் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டாள். "எங்க வலிக்குது?" என்று அவரிடமும் தமிழிலேயே கேட்டாள். அவருக்கு ஒரு எழுத்து புரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அம்மா போன பிறகு இப்படிச் சிரித்தது இப்போதுதான்.

நாற்காலி நனைந்தது பற்றித் தனியாகக் கோபம் உண்டு. பிறகு எழுதுகிறேன்.

அப்பா


மார்ச் 6

மகளுக்கு,

செல்லம், கண்ணு எல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது.

நேற்று காலை கீழே போனால் நாற்காலிகள் இல்லை. காவலாளியைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு மேலே கை காட்டினார். செயலாளர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கதவு நன்றாகவே திறந்தது.

"வாசல்ல கண்டவங்க எல்லாம் உக்காந்தா கட்டடத்தோட மதிப்பு என்ன ஆகும் சார்?" என்றார்.

"யாரு சார் கண்டவங்க?"

"அந்த டெலிவரி ஆளு. அப்புறம் உங்க எதுத்த வீட்டுப் பொண்ணு. தனியா இருக்கா. ராத்திரி போறா, விடிஞ்சு வர்றா. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஆஸ்பத்திரில வேலைன்னு நினைப்பாங்க. அதானே சார் உண்மை?"

அவர் காதில் அது விழவில்லை. சங்கத்தில் புது விதி போட்டிருக்கிறார்களாம். பொட்டலம் கொண்டு வருகிறவர்கள் இனி பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் வாசலில் உட்காரக் கூடாது. தனியாக இருக்கிற பெண்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது. அவளுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரும் சங்கத்துக்குப் பயந்து, மாதக் கடைசியில் காலி செய்துவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

"இதுக்கு யாரு ஒத்துக்கிட்டாங்க?" என்று கத்தினேன்.

"உங்க பொண்ணே ஓகே சொல்லிட்டாங்களே சார்" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உன் பெயருக்குக் கீழே ஒரு கட்டைவிரல்.

அந்த ஆளுக்கு முன்னால் நான் தலை குனியும்படி ஆகிவிட்டது. எதற்காக அந்த விரலைத் தூக்கினாய்? அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள்? அவள் முகத்தைக்கூட நீ பார்த்ததில்லையே!

அப்பா


மார்ச் 12

அப்பாவுக்கு,

நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அந்தக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு எத்தனை செய்தி வரும் தெரியுமா? தண்ணீர் வராது, காரை நகர்த்துங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இதையும் படிக்காமல்தான் போட்டேன். படிக்காதது தப்பு. ஆனால் நான்தான் அந்தப் பெண்ணைத் துரத்தினேன் என்பது போல எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஊருக்கு வந்த புதிதில் நான் வீடு தேடி அலைந்ததை உங்களிடம் சொன்னதே இல்லை. "தனியாவா? கல்யாணம் ஆகலையா? அப்ப வேணாம்" என்று எத்தனை வாசலில் சொன்னார்கள். அதனால்தான் தலைக்கு மேல் கடனை வாங்கி அந்த வீட்டை வாங்கினேன். யாரும் என்னைக் கிளம்பு என்று சொல்ல முடியாத ஒரு இடம் வேண்டும் என்றுதான். நானும் லிஃப்டில் சிரித்துப் பார்த்தவள்தான் அப்பா. "தினமும் இவ்வளவு லேட்டாத்தான் வருவீங்களா?" என்று செயலாளர் மனைவி ஒரு நாள் கேட்டாள். அன்றிலிருந்து நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மாடி எண்ணைத்தான் பார்க்கிறேன்.

எனக்கு மட்டும் நாலு மனிதர்கள் வேண்டாமா? நீங்கள் கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விடுவீர்கள். அவர்களுக்கு நடுவில் நான்தான் இருந்தாக வேண்டும். தயவு செய்து சண்டை வேண்டாம். நாற்காலியைத் திருப்பி வாங்கி வீட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 24

அப்பா,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. காவலாளிக்குப் போன் செய்தால், "அய்யா நல்லா இருக்காரும்மா, ஆனா யாரோடயும் பேசறதில்ல" என்கிறார். நீங்கள் பேசாமல் இருப்பதா?

என்னை நியாயப்படுத்தி அவ்வளவு எழுதினேன். தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. "தனியாவா, அப்ப வேணாம்" என்று சொன்ன ஒவ்வொரு முகத்தையும் இன்றைக்கும் மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அந்த வரிசையில் நானும் ஒரு முகம்.

நேற்று செயலாளரைக் கூப்பிட்டேன். "நான் ஒத்துக்கல. என் சம்மதத்த வாபஸ் வாங்கறேன்" என்றேன். "அது முடிஞ்சு போச்சும்மா, இப்ப ஒருத்தருக்காக மாத்த முடியாது" என்றார். "நானும் தனியா இருக்கிற பொம்பளதான் சார், என்னையும் காலி பண்ணச் சொல்லுங்க பாப்போம்" என்றேன். "நீங்க ஓனரு, அது வேற" என்றார். என்ன வேறு என்று கேட்டுக் கத்தினேன். அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது. எனக்கு அப்படிக் கத்த வரும் என்று எனக்கே தெரியாது. உங்கள் மகள்தானே.

அவளை நம் வீட்டில் என் அறையில் வந்து இருக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் எனக்குச் சொல்ல முடியாது. நான் திரும்பி வந்த பிறகும் இருக்கட்டும்.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 5

அம்மாடி,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ வீடு தேடி அலைந்த கதையை இத்தனை நாள் அப்பாவிடம் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தாயே, அதற்கும் கோபம் வந்தது. அந்த வாசல்களில் ஒன்றிலாவது நான் உன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பதில் எழுதாததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. எழுதினால் கடுமையாக எழுதிவிடுவேன் என்று பேனாவைத் தொடவே பயந்தேன்.

உன் அறையைத் தருவதாக அவளிடம் சொன்னேன். காவலாளி இரண்டு பாஷையும் அறிந்தவர். அவரை நடுவில் வைத்துத்தான் பேச்சு. அவள் யோசிக்கவே இல்லை. "போன்னு சொன்ன கட்டடத்துல பின்பக்கமா நுழைஞ்சு இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு அவள் மேல் மதிப்பு கூடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றினோம். ஹெல்மெட்காரர் தன்னோடு வேலை செய்கிறவர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தார். கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது செயலாளர் வந்து நின்றார். "பின்பக்கமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

என் குரல் பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கிற குரல் என்று உனக்குத் தெரியும். இங்கே வந்ததிலிருந்து அடக்கியே வைத்திருந்தேன். "எந்த வாசல் வழியா வந்தாளோ அந்த வாசல் வழியாத்தான் போவா. முடிஞ்சா மறிச்சுப் பாருங்க!" என்றேன். நாலு மாடியில் ஜன்னல் திறந்தது. காவலாளி இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். முன்வாசல் வழியாகவே போனோம்.

ஆனால் இதை வெற்றி என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவள் போய்விட்டாள், அவர் ஜெயித்துவிட்டார். இன்னும் அவரைப் பார்த்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இப்போது அவள் இருப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், ஒரு தையல் கடைக்கு மேலே. ஒற்றை அறைதான். பஸ்ஸில் போய்விடலாம். சாயங்காலம் நானும் ஹெல்மெட்காரரும் அங்கே போகிறோம். தையல்காரர் அவர் கடை பெஞ்சை வெளியே இழுத்துப் போடுகிறார். அவர் பேசுவது நாலாவது பாஷை. எனக்குத் தலை சுற்றுகிறது, ஆனால் வாய் ஓயவில்லை.

உன் வீட்டை விட்டு நான் எங்கும் போகப் போவதில்லை. நீ வரும்வரை இங்கேதான் இருப்பேன். என் பெண் யாரும் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது.

ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவள் உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. "உங்க பொண்ணு நல்ல பொண்ணு. பாக்காத ஆளுக்குத் தன் ரூமையே குடுக்கறேன்னு சொன்னாங்க" என்று அரைகுறைத் தமிழிலும் கைஜாடையிலும் சொல்கிறாள். நீ வந்ததும் முதல் வேலையாகத் தன்னிடம் கூட்டி வர வேண்டுமாம். நான் தலையை ஆட்டிவிட்டுத் தெருவைப் பார்க்கிறேன். அந்தக் கட்டைவிரல்களில் ஒன்று உன்னுடையது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

லீவு கிடைத்ததும் வா. கூட்டிப் போகிறேன். அதை நீதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன்
அப்பா