இருபத்துமூன்று இடது கால்கள்

பாளையங்கோட்டை,
1917 அக்டோபர் 9.

அன்பு மகன் ஜெபசீலனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. ஆண்டவர் இந்நாள்வரை எங்களைக் காத்துவருகிறார், ரங்கூனில் உனக்கும் ஒரு குறையும் வராதிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, எண்ணெய் தேய்க்கச் சொன்னால்தான் கேட்கமாட்டாள், பிடிவாதக்காரி. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. நீ கப்பல் கம்பெனிச் சோற்றை நம்பாமல் காலையில் கஞ்சி குடி, தேகப்பயிற்சியை விடாதே. விடாதே என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது, அதன் காரணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

பதினான்கு வருஷமாக நான் இந்தப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். வந்த புதிதில், மாட்டுத்தோல் பந்தை மிதிக்கவைத்துச் சாதியைக் கெடுக்கிறேன் என்று தகப்பன்மார் வாசலில் வந்து ஏசினது உனக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட பையன்களைத்தான் வரிசையில் நிறுத்தினேன். இன்று ஜில்லாவில் அவர்களை ஜெயிக்க ஆள் கிடையாது. கட்டளை காதில் விழுந்தால் புத்தி யோசிக்கக் கூடாது, கால் போய்விட வேண்டும், அதுதான் என் பாடம். உனக்கும் அதையே பழக்கினேன்.

போன மாதம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற துரை ஒருவர் மைதானத்துக்கு வந்தார். பதினெட்டு வயது முடிந்த மேல் வகுப்புப் பையன்கள் இருபத்துமூன்று பேரை நிறுத்தியிருந்தேன். சண்டைக்கு வர மனமுள்ளவர்கள் மட்டும் ஓரடி முன்னால் வரலாம் என்று துரை இங்கிலீஷில் சொன்னார், அதைத் தமிழில் சொல்லும்படி தலைமை ஆசிரியர் என்னைப் பணித்தார். மனமுள்ளவர்கள் என்று நான் சொன்னது மெய்தான், ஆனால் ஓரடி முன்னால் என்கிறபோது என் டிரில் குரல் வந்துவிட்டது. இருபத்துமூன்று இடது காலும் ஒரே சத்தத்தில் தரையில் விழுந்தன. துரை கை தட்டினார். அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது மகனே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாய் திறக்குமுன் ஒன்பது பேரைப் பொறுக்கிப் பெயர் எழுதிவிட்டார்கள்.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் போய், அவர்கள் மனசார வரவில்லை, பழக்கத்தில் காலெடுத்து வைத்தார்கள் என்றேன். பெயர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போயாயிற்று, இனி அப்படிச் சொன்னால் ராஜவிசுவாசத்துக்கு விரோதம், நீர் குடியிருக்கிற வீடும் பள்ளிக்கூடத்து வீடு என்பதை யோசியும் என்றார். அந்த ஒன்பதில் ஒருவன் மாகாளி. அவன் தாய் ஆவுடைத்தாய் ஸ்ரீவைகுண்டத்தில் நடவுக்குப் போய்ப் படிக்கவைக்கிறவள், கைம்பெண், அவனை விட்டால் அவளுக்கு யாருமில்லை. அவள் நடந்தே வந்து, அண்ணாச்சி, எம்புள்ள ஒங்க சொல்லத்தான் கேக்கான், வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க என்று அழுதாள். அவனைத் தனியே கூப்பிட்டு, ஏலே, பயமாயிருக்குன்னு சொல்லிருலே, ஒண்ணும் அவமானமில்ல என்றேன். அவனோ, முன்னால வச்ச கால இழுத்தா வரிசை கெட்டுரும்னு நீங்கதான சார் சொல்லுவிய என்றான். போன சனிக்கிழமை ஒன்பது பேரும் ரயிலேறினார்கள். நான்தான் விசில் ஊதி ஸ்டேஷன் வரை நடத்திக்கொண்டு போனேன். பஸ்ரா பக்கம் சண்டைக்கு அனுப்புவார்களாம். ஆவுடைத்தாய் பிளாட்பாரத்தில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இப்போது துரைக்கு ருசி கண்டுவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வருகிற பழைய மாணவர்களையும் மைதானத்தில் கூட்ட வேண்டுமாம், நானே கட்டளை கொடுக்க வேண்டுமாம். பட்டியல் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் முதல் பெயர் உன்னுடையது. கொடுக்குமுன் அதை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன், ஆவுடைத்தாய் ஞாபகம் வந்தது, அடிக்க முடியவில்லை. இப்படி எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், நீ வராதே. என் எதிரில் வந்து நின்றால் நானும் சொல்லிவிடுவேன், நீயும் காலை எடுத்து வைத்துவிடுவாய்.

அம்மா உனக்காக முறுக்குக்கு அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. லீவு கிடைக்கவில்லை என்று மாத்திரம் பதில் எழுது. பொய் சொல்லாதே என்று உன்னை அடித்த கைதான் இதை எழுதுகிறது. கர்த்தர் உன்னைத் தம் சிறகுகளின் கீழ் மறைத்துக்கொள்வாராக. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் அப்பா,
தே. ஞானசிகாமணி